கிளின்ரனின் கரவனுக்கு நாலு டயர்

வால்தம்ஸ்டோவில் டயர் கடை வைத்திருக்கும் பரமேஸ்வரன், வாசலில் பியற்றிஸைக் கண்டதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். அவளுடைய புருஷன் கிளின்ரனின் செத்தவீட்டுக்குப் பிறகு, பதினைந்து மாதமாக அவர் அவளைக் கண்டதில்லை. காணக்கூடாது என்றுதான் இருந்தார். அவள் குடியிருக்கும் தெருவால் போவதைக்கூட விட்டிருந்தார்.

வெளியே நவம்பர் மழை. அவள் குடையை மடக்கிச் சுவரில் சாத்தினாள்.

“அண்ணை, கரவனை விக்கப்போறன். வாங்கிற ஆக்களுக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள். அந்த டயருகளோட குடுக்க மனம் வரேல்லை. நாலையும் மாத்தவேணும். நல்லதாப் பாத்துப் போட்டுத் தருவியளோ?”

“ஓம்,” என்றார். 

கிளின்ரன் அந்தக் கரவனைப் பழசாகத்தான் வாங்கினான். காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும், நாலு சில்லில் ஓடும் நீண்ட வண்டி. ஆறு பேர் படுக்கலாம். போன வருடம் ஓகஸ்டில் மனைவியையும் மகள் ஷெறோனையும் காரில் ஏற்றிக்கொண்டு கென்ற் கடற்கரைக்குப் போகும்போது மோட்டர்வேயில் ஒரு டயர் வெடித்தது. இருவரையும் தடுப்புக்கு அப்பால் அனுப்பிவிட்டு, உதவி வண்டி வரும்வரை பொறுக்காமல், தானே சில்லை மாற்றக் குந்தினான். பின்னால் வந்த லொறி அவனை அடித்துவிட்டது.

அந்தப் பயணத்துக்கு முந்தின கிழமை அவன் கரவனைப் பரமேஸ்வரனிடம் கொண்டுவந்து காட்டியிருந்தான். அன்று கடையில் நல்ல சனம். அவர் ஒரு டயரில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “தேயவே இல்லையடாப்பா, தாராளமா ஓடு” என்று சொல்லி அனுப்பினார். டயரின் பக்கத்தில், எந்த வருடம் எத்தனையாவது கிழமை செய்தது என்று நாலு இலக்கத்தில் இருக்கும். அதைப் பார்த்திருந்தால் டயரின் வயசு தெரிந்திருக்கும். கரவன் டயர் ஓடித் தேய்வதில்லை. நின்ற இடத்திலேயே பாரம் தாங்கித் தாங்கி, வெயிலிலும் குளிரிலும் உள்ளுக்குள் உக்கிப்போகும். இது அவருக்குத் தெரியாததல்ல. பியற்றிஸுக்கு இதெல்லாம் தெரியுமோ தெரியாதோ என்பதுதான் இத்தனை நாளும் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கிழமை முழுக்க அவருக்கு அதே வேலை. கரவனின் கதவடித் தகட்டில் முழுப் பாரத்தைப் பார்த்து எழுதிவந்தார். மலிவாகக் காட்டியவற்றையெல்லாம் தள்ளிவிட்டு, அந்தப் பாரத்துக்கு மேலேயும் தாங்கக்கூடிய தடித்த டயராகத் தேர்ந்தார். அந்தச் சில்லுக்கு ஒத்துவருமோ, எவ்வளவு காற்றுப் பிடிக்கவேண்டும் என்று இரண்டு இடத்தில் விசாரித்தார். வந்து இறங்கிய நாலில் ஒன்று மூன்று வருடம் முந்திச் செய்தது.

“ஒருநாளும் ஓடாதது, அண்ணை. புதுசுதானே,” என்றான் கொண்டுவந்த றூபன்.

“திருப்பிக் கொண்டுபோ.”

சனிக்கிழமை, எப்பிங் பக்கத்தில் கரவன்கள் நிறுத்தும் வளவுக்கு அவர் தன் வான் வண்டியில் போனார். பியற்றிஸ் முன்பே வந்து, சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். பழைய டயர்களைக் கழற்றி மடித்துப் பார்த்தபோது பக்கமெல்லாம் வெடிப்பு. அவர் புதியவற்றைப் பூட்டினார். ஒவ்வொரு நட்டையும் இறுக்கத்தின் அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்கினார். பிறகும் ஒருமுறை சுற்றிவந்து இறுக்கினார். வேலை முடிந்தும் எழும்பவில்லை. சேற்றிலேயே குந்தியிருந்தார்.

“தங்கச்சி, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். அண்டைக்குக் கிளின்ரன் என்னட்டைத்தான்...”

“தெரியும்,” என்றாள் அவள். “‘அண்ணை பாத்துட்டார், பயமில்லை’ எண்டு அவர் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தவர்.”

பரமேஸ்வரன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “பிறகேன் என்னட்டை வந்தனீங்கள்?”

“வேற ஆக்களெண்டா டயரைப் பாத்துப் போடுவினம். நீங்கள் பயந்து போடுவியள். அந்தப் பிள்ளையளுக்கு அதுதான் வேணும்.”

அவள் குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் தாங்கியிருப்பார்.

“என்னை மன்னிக்க ஏலுமோ?”

பியற்றிஸ் கரவனின் ஈரமான பக்கத்தைக் கையால் துடைத்தாள். “எனக்குத் தெரியேல்லை, அண்ணை. ஏலுமெண்டு பொய் சொல்லமாட்டன்.”

வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்று அவர் சொன்னதற்கும் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை வாங்கியவர்கள் வந்து கரவனை இழுத்துக்கொண்டு போனார்கள். ஐம்பது மைல் ஓடியதும் நட்டுகளை இன்னொருக்கால் இறுக்க அவர்களிடம் சொல்லும்படி பரமேஸ்வரன் அவளுக்கு அனுப்பிய செய்தி படிக்கப்பட்டிருந்தது, பதில் வரவில்லை.

தையில் ஒருநாள் வால்தம்ஸ்டோ சந்தையில் அவளைக் கண்டார். கூட ஷெறோன். பியற்றிஸ் நின்று, அவர் பக்கம் கண்ணைக் காட்டி மகளிடம் ஏதோ மெல்லச் சொன்னாள். அந்தப் பெண் திரும்பி, தகப்பனின் அதே கண்களால் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு இருவரும் சனத்துக்குள் போய்விட்டார்கள்.