கடைசி அடி முதலில்

எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி நான், இன்னொருத்தி அம்மணி. அம்மணி என்பது என் வீட்டுக்காரரின் பழைய கார். அறுபது வயதுக்கு மேலாகிறது. பாசிப்பச்சை உடம்பு, சக்கரங்களுக்கு மேலே புடைத்து நிற்கும் இரண்டு பெரிய மட்கார்டு, யாரையும் மதிக்காத ஒரு தோரணை. தகரக் குவியலாக வந்தவளை நாலு வருடம் ஆணி ஆணியாகத் தேடிப் பூட்டி, ஏழு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். தொழில் என்னவோ மூக்குக்கண்ணாடிக் கடை. அம்மணி மேல் எறும்பு ஊர்ந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியும். நான் முடியைப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது, நாலு நாள் கழித்து, "ஒரு மாதிரியா இருக்கியே, காய்ச்சலா?" என்று கேட்டார். அவளைச் சக்களத்தி என்று நான் சொல்வது சும்மா இல்லை.

அவளை ஓட்ட எனக்கு அனுமதி கிடையாது. இருபது வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறேன். கேட்டால், "அவளோட கிளட்ச் ஒரு மாதிரி, உனக்குப் பிடிபடாது" என்பார். அந்தப் "பிடிபடாது" எனக்குத் தொண்டையில் சிக்கிய முள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு சனிக்கிழமை காலை அவர் லென்ஸ் எடுத்து வரப் போனார். நான் சாவியை எடுத்தேன். தெருவை ஒரே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழைய இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

வாசலைத் தாண்டுவதற்குள் கேட் தூணில் இடித்தேன். கிளட்ச்சை நான் விட்டதற்கும் அவள் பாய்ந்ததற்கும் நடுவே மூச்சு விட நேரமில்லை. இடது மட்கார்டு உள்ளே போய்விட்டது. பதறிப்போய் ரிவர்ஸ் எடுத்தேன். அதன் விளிம்பு தூணில் மாட்டி, பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு வெளியே பிய்ந்து வந்தது. அவர் திரும்பி வர இரண்டு மணி நேரம் இருந்தது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒடுக்கு எடுக்கிற பட்டறை ஒன்று உண்டு என்பது ஞாபகம் வந்தது. மட்கார்டில் ஒட்டியிருந்த தூணின் சுண்ணாம்பைக் கைக்குட்டையை நனைத்துத் துடைத்துவிட்டு, அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன்.

நாற்சந்தியில், பக்கத்துச் சந்திலிருந்து வந்த ரொட்டிக் கம்பெனி வேன் ஒன்று பார்க்காமல் வந்து அதே மட்கார்டில் லேசாக முட்டியது. இறங்கிப் பார்த்த டிரைவர் அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார். முழுப் பள்ளமும் தான் செய்தது என்று நினைத்துவிட்டார். "ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்மா" என்றார். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து, "கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்பதுதான் வந்தது.

நான் மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்கப் போனில் ஊரார் சொல்கிற பொய்யைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன். நானே ஒரு பொய்யை இவ்வளவு சுலபமாகச் சொல்வேன் என்று அன்றுதான் தெரிந்தது.

பட்டறைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பி, வேன் மோதிவிட்டது என்று போனில் சொன்னேன். வீட்டுக்காரர் வந்தார். காரைப் பார்ப்பார், வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று திருதிருவென முழித்துக்கொண்டு நின்றேன். அவர் காரைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து தோளைப் பிடித்தார். "உனக்கு ஒண்ணும் ஆகலையே? பயந்துட்டியா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். தேநீர் போட்டுக் கொடுத்தார். ஏன் எடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தேநீருக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டேன். ஏழு வருடத்தில் முதல் தடவையாக நான் முதலிலும் அம்மணி பிறகுமாக இருந்தோம். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

மறுநாள் வேன் கம்பெனியின் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். கழுத்தில் பேனாவைத் தொங்கவிட்டுக்கொண்டு, எதைப் பார்த்தாலும் முதலில் படம் எடுக்கிற பெண்மணி. பதினாறு படம் எடுத்தார். "வண்டியையே கழிச்சுக் கட்டிடலாம் சார், ஒரு தொகை கொடுத்துடுவோம்" என்றதும் வீட்டுக்காரரின் முகம் போன போக்கைப் பார்த்து, "சரி, ரிப்பேர்னே போட்டுக்கறேன்" என்று இறங்கி வந்தார். எங்கள் சொந்த பாலிசியில் ஓட்டுநராக வீட்டுக்காரர் ஒருவர் பெயர்தான் இருக்கிறது. அதனால் எல்லாம் வேன் தலையில்தான் விழுந்தது. சர்வேயரின் தாளில் இரண்டு கட்டம்: சிறு சேதம், பெரும் சேதம். பட்டறையில் பிரித்துப் பார்த்தபின் ஒன்றில் டிக் அடிப்பாராம்.

அந்தக் கட்டத்தின் அருமை எனக்கு வேன் ஓட்டிய ரொட்டிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. மனிதர் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். வரும்போதெல்லாம் கையில் ஒரு ரொட்டி. பத்தொன்பது வருடமாக ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டியவர். "பெரும் சேதம்னு எழுதிட்டா வண்டியைப் பிடுங்கிடுவாங்கம்மா. இந்த வயசுல என்னை வேற யாரு கூப்பிடுவா?" என்றார். வீட்டுக்காரர் அவரை உட்காரவைத்து ஆறுதல் சொன்னார். நான் ரொட்டியை வாங்கி உள்ளே வைத்தேன். இரண்டு வாரத்தில் ஐந்து ரொட்டி. அதில் பாதியை நான்தான் தின்றேன்.

பட்டறைக்காரரை எல்லாரும் மெதுவண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டார். ஒரு திருகாணியைக் கழற்றினால் அதைத் துடைத்து, டப்பாவில் போட்டு, மூடியை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். புதன்கிழமை காலை நாங்கள் போனபோது சர்வேயரும், கையெழுத்துப் போட வந்திருந்த ரொட்டிக்காரரும் முன்பே நின்றிருந்தார்கள். மெதுவண்ணன் மட்கார்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வெறும் உள்ளங்கையால் அதைத் தடவிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் தடவினார். சர்வேயர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரே அடிதானே?" என்றார் மெதுவண்ணன் கடைசியில்.

"ஒரே அடிதான். வேன் வந்து மோதினது," என்றார் வீட்டுக்காரர், பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி.

"ஆமாங்க. நான்தாங்க," என்றார் ரொட்டிக்காரர்.

"ஏன் கேக்கறேன்னா," என்று மெதுவண்ணன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார், "தகடு எந்த வரிசையில மடங்குச்சோ, அதுக்கு நேர் எதிர் வரிசையிலதான் பிரிக்கணும். கடைசியா வாங்கின அடியை முதல்ல எடுக்கணும். முதல்ல வாங்கினதைக் கடைசியா எடுக்கணும். மாத்தி எடுத்தா கிழிஞ்சிடும். கிழிஞ்சா ஒட்டுப் போட்டதுதான், அதுக்கப்புறம் இது அந்த மட்கார்டு இல்ல. வேற ஒண்ணு வாங்கவும் எங்கயும் கிடைக்காது."

வீட்டுக்காரர் மட்கார்டுக்குக் கிட்டே போய் நின்றார்.

"ஒரே அடின்னா, இந்தப் பெரிய பள்ளத்துல இருந்து ஆரம்பிக்கணும்," என்று மெதுவண்ணன் சுத்தியலை எடுத்தார். "என்ன தங்கச்சி, வண்டியில இருந்தது நீங்கதானே. ஆரம்பிச்சிடட்டுமா?"

சுத்தியல் சின்னதுதான், ஒரு சாண்கூட இராது. பள்ளத்துக்கு நேராக வந்து நின்றது. நாலு வருடம் வீட்டுக்காரர் அந்த மட்கார்டைத் தேடி அலைந்தது எனக்குத் தெரியும். கிடைத்த அன்று அதைக் கூடத்தில் நாற்காலி மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவர். ரொட்டிக்காரர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லாவிட்டால் இரண்டு உயிர் கிழியும்.

"ரெண்டு அடி," என்றேன்.

சர்வேயர் என் பக்கம் திரும்பினார். "முதல் அடி எங்க வீட்டுத் தூண். நான்தான் இடிச்சேன். வேன் வந்து முட்டினது அதுக்கப்புறம்."

மெதுவண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தார். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை, கல்லுளிமங்கன். "முன்னால போகும்போதா, பின்னால வரும்போதா?" என்றார்.

"ரெண்டும். இடிச்சிட்டு ரிவர்ஸ் எடுத்தேன். அப்ப விளிம்பு மாட்டிக்கிச்சு."

"ஸ்டியரிங் எவ்வளவு திருப்பியிருந்தீங்க? உக்காந்து காட்டுங்க."

உட்கார்ந்தேன். நாலு பேர் பார்க்க, அம்மணியின் ஸ்டியரிங்கைப் பிடித்து, நான் செய்ததை அப்படியே செய்து காட்டினேன். இவ்வளவு திருப்பினேன். இங்கே இடித்தது. இப்படி ஒடித்துத் திருப்பிப் பின்னால் வந்தேன். கண்ணாடி வழியாக வீட்டுக்காரர் தெரிந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு பட்டறையை விட்டு வெளியே போய்விட்டார். அந்தத் தேநீர் என் நெஞ்சில் திரும்பி வந்து கசந்தது.

மெதுவண்ணன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினார். உள்பக்கம் ஓர் இரும்புக் கட்டையைக் கொடுத்து, வெளிப்பக்கம் விளிம்போரமாகத் தட்டினார். டக், டக், டக். இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைக்கும் அளவுக்கு மெல்லிய தட்டு. ஆனால் தகடு நகர்ந்தது. என் கண்ணால் பார்த்தேன். மடிந்து கிடந்த இரும்பு, தூங்கி எழுகிற ஆள் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் இடத்துக்குத் திரும்பியது. பத்தே நிமிடம். "வேன் போயாச்சு," என்றார் மெதுவண்ணன்.

ரொட்டிக்காரர் கிட்டே வந்தார். பள்ளம் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். கை அந்த இடத்தை மூடிவிட்டது. மீதிப் பள்ளம் அதைச் சுற்றி அப்படியே கிடந்தது.

"என்னோடது இவ்ளோதானாம்மா?" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "இவ்ளோதாங்க. மிச்சமெல்லாம் என்னோடது."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ரெண்டு வாரமா தூங்கலம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையை எடுக்காமல் நின்றார். சர்வேயர் ஒரு படம் எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றி, சிறு சேதம் என்ற கட்டத்தில் டிக் அடித்தார். என்னிடம் இன்னொரு தாளை நீட்டினார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுவரை கம்பெனி வீட்டில் உட்காரவைத்திருந்த ரொட்டிக்காரர் திங்கட்கிழமை முதல் மறுபடி வண்டி எடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ரொட்டி வரவில்லை.

என் பங்கை எடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குக் கம்பெனி எதுவும் தராது, நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் வேலை முடிந்ததும் பட்டறைக்குப் போய் ஒரு கவிழ்த்த டப்பாமேல் உட்கார்ந்துகொள்வேன். வாயாடி என்று பெயர் எடுத்தவள், ஒரு வார்த்தை பேசாமல் பார்ப்பேன். என் ரிவர்ஸ் நாலு நாளில் திரும்பிப் போனது. பிய்ந்த விளிம்பு சுருண்டு உள்ளே வந்து கோடாக நின்றது. பிறகு அந்தத் தூண். நான் அரை நொடியில் செய்ததை அந்த மனிதர் ஐந்து நாள் உட்கார்ந்து பின்னோக்கி நடத்தினார். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் உள்ளங்கையால் கேட்டுக்கொண்டார். நடந்த ஒன்று நடக்காமல் போவதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எனக்குப் புல்லரித்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு தடவை அழுகையும் வந்தது.

வீட்டில் அவர் பேசவில்லை. சாப்பாடு, கதவு, விளக்கு எல்லாம் நடந்தது, பேச்சு மட்டும் இல்லை. ஒருநாள் காலையில் பார்த்தேன், வாசலில் தூண் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கால்வாசி உடைந்து, பூச்சு உதிர்ந்து மூன்று வாரமாக அது அப்படித்தான் கிடக்கிறது. எறும்பு ஊர்ந்தால் தெரிகிறவருக்கு அது அன்றுதான் கண்ணில் பட்டது.

ஒன்பதாம் நாள் அவரும் வந்தார். மட்கார்டு பச்சை இன்னும் பூசாமல் வெள்ளையாக மின்னியது. "கண்ணை மூடித் தடவிப் பாருங்க தங்கச்சி, எங்க இடிச்சீங்கன்னு சொல்லுங்க," என்றார் மெதுவண்ணன். தடவினேன். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை, குளிர்ந்த வழவழப்பு மட்டும் வளைந்துகொண்டே போயிற்று. வீட்டுக்காரரும் தடவினார். பாதியில் என் கையும் அவர் கையும் முட்டிக்கொண்டன.

"அன்னிக்குப் பயந்துட்டியான்னு கேட்டேனே," என்றார். ஒன்பது நாளில் முதல் பேச்சு. "அதுவும் பொய்தானா?"

"தூணுக்குப் பயப்படல, வேனுக்கும் பயப்படல," என்றேன். "உங்களுக்குத்தான் பயந்தேன்."

அவர் மட்கார்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் நான் வழக்கமாக உட்காரும் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவர் நெளிந்தார். நகர்ந்து உட்கார்ந்தார். மறுபடி நெளிந்தார்.

"இங்க ஒரு ஸ்பிரிங் குத்துதே," என்றார்.

"ஏழு வருஷமா குத்துதுங்க," என்றேன்.

அவர் இந்தத் தடவை நகர்ந்து உட்காரவில்லை. நான் கிளட்ச்சை மெல்ல விட்டேன்.