ஆறு கோடுகளில் மூன்று

கோட்டுருவியல் வகுப்பு தொடங்கிய மூன்றாவது வாரம், கணித மாணவி ஒருத்தியின் வீட்டில் நான்கு பேருக்கும் நடுவே ஆறு கோடுகள் முளைத்தன. ஆளுக்கு ஒரு புள்ளி, உறவுக்கு ஒரு கோடு என்று தெரிந்தவர்களை வரைந்து வரச் சொல்லியிருந்தார் ஆசிரியை. அவள் அப்பா, அம்மா, அக்காவோடு தன்னையும் சேர்த்து நாலு புள்ளி வைத்து இழுத்துவிட்டுத் தூங்கப் போனாள். காலையில் பார்த்தால் நெஞ்சுக்கு நெஞ்சு துணிக்கொடி பருமனில் வெள்ளைக் கோடுகள். ஆள் நகர்ந்தால் நீண்டன, கிட்டே வந்தால் சுருங்கின. அப்பா கடைசல் பட்டறைக்குக் கிளம்பியதும் மூன்று கோடுகள் சன்னல் வழியாகத் தெருவுக்குப் போயின. தெருவில் நடப்பவர்கள் இரண்டே நாளில் குனிந்து கடக்கப் பழகிக்கொண்டார்கள்.

வீட்டுக்குள்தான் தொல்லை. கோடு தடுக்கி அக்கா வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டாள். அந்த வாரம் வகுப்பில் மரம் என்ற கோட்டுருவை நடத்தினார்கள்: எல்லோரும் எல்லோரையும் எட்ட வேண்டும், ஆனால் ஒரு கோடுகூட மிகையாக இருக்கக் கூடாது. மாணவி தையல் கத்தரிக்கோலைக் கேட்டாள்.

"நாலு பேருக்கு மூணு கோடு போதும்மா. யாரும் யாரையும் விட்டுப் போயிட மாட்டோம்."

"எல்லாம் எங்கிட்ட வந்து போனா சரிதான்டி," என்று சிரித்துக்கொண்டே அம்மா கத்தரிக்கோலைக் கொடுத்தாள்.

அம்மாவிடமிருந்து போகும் மூன்றையும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் அவள் வெட்டினாள். வலித்ததாக யாரும் சொல்லவில்லை. துண்டுகளைப் பெருக்கிக் குப்பையில் போட்டார்கள். வீடு விசாலமாகிவிட்டது. அதை வரைந்து காட்டியதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது. அவள் சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று தினமும் அழுத்திப் பார்த்துவிட்டுப் போகும் அப்பா அதை விட்டுவிட்டார். ஒருவருக்கொருவர் தலை வாரிவிடும் அக்கா தங்கை தனித்தனிக் கண்ணாடி வாங்கிக்கொண்டார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் மகளுக்குப் பரீட்சை எப்போது என்று அப்பா அம்மாவிடம் கேட்டார், அம்மா இவளிடம் கேட்டாள், பதில் அதே வழியில் திரும்பியது. ஏற்பாடு நன்றாகத்தான் ஓடியது.

அடுத்த பருவத்தில் வெட்டுமுனை வந்தது. எந்தப் புள்ளியை எடுத்தால் கோட்டுரு துண்டுதுண்டாகிவிடுமோ அது வெட்டுமுனை. அந்த வரியை எழுதி, கீழே ஓர் எடுத்துக்காட்டு வரைந்தபோது, வரைந்தது தன் வீட்டை என்று அவளுக்குத் தெரிந்தது. வகுப்பு முடியும்வரை உட்கார முடியாமல் எழுந்து வீட்டுக்கு வந்தாள். அப்பா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். அவர் அவள் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்: "உங்ககிட்ட நேரா பேசணுமாம்." மகளுக்கு முகம் விழுந்துவிட்டது. புதுக்கோடு எப்படிப் போடுவது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இந்தப் பரீட்சை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிறகு மேற்படிப்பு, பிறகு ஆய்வு, பிறகு அதே கல்லூரியில் வேலை. ஆறு வருடம் போனதை அவள் கவனிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நுரையீரலில் நீர் கோத்து, ஆஸ்பத்திரியில் அம்மா இறந்தாள். மூன்று கோடுகளும் தரையில் விழுந்தன. நர்ஸ் அவற்றைச் சுருட்டி, மூக்குக்கண்ணாடியோடு ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். வாசலில் மூவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அழுதார்கள், அடுத்தவர் அழுவது ஒருவருக்கும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் அக்கா வேறு ஊருக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருப்பாள்.

அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இவளுக்கும் தலைவலிக்கு ஏதோ தேவைப்பட்டது. இருவரும் ஒரே மருந்துக் கடைக்குப் போய்ப் போய், ஒரு வருடத்தில் கடைக்காரரின் நெஞ்சில் நூல் பருமனில் இரண்டு கோடுகள் முளைத்தன. அவர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் வீட்டுக்கு வந்து இருவருக்கும் நடுவே கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

"ரொம்ப இளைச்சிட்டியாம், அப்பா சொல்றார்," என்றார் ஒரு நாள்.

"வேலை அதிகம்னு சொல்லுங்க. அப்புறம்…"

கடைக்காரர் அவள் பக்கமே திரும்பியிருந்தார்.

"அன்னிக்கு நான்தான் வெட்டினேன்னு சொல்லுங்க."

அவர் திரும்பிச் சொன்னார். அப்பா தன் கையைப் பார்த்தபடி முணுமுணுத்தார்.

"அது அவருக்குத் தெரியுமாம்," என்றார் கடைக்காரர். "சாப்பிட்டியான்னு கேக்கறார்."