குறை காண ஆள் தேவை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, என் தங்கையினுடையது. நேர்முகத் தேர்வு முடிந்து வந்தவள், தோளில் மாட்டிய பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலில் நின்றபடி கொட்டித் தீர்த்ததை நான் அப்படியே திருடிக்கொண்டேன். அவள் தண்ணீர் கேட்டாள். நான் பேனா தேடிக்கொண்டிருந்தேன். எழுதுகிறவனை அண்ணனாகப் பெற்றவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன கொடுமை.

தங்கை ஒரு டெஸ்டர். மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது தொழில். [வீட்டிலும் கண்டுபிடிப்பாள். அதற்குச் சம்பளம் கிடையாது.] பழைய நிறுவனம் அவளுடைய பிரிவையே இழுத்து மூடிவிட, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் துறைக்கே ஒரு கும்பிடு என்று சொல்லியிருந்தாள். ஆகவே சிரிக்க வேண்டிய இடங்களில் கொஞ்சம் பார்த்துச் சிரியுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'வானத்தை உரசும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் முன் அவள் ஒரு சிறு புள்ளியாக நின்று...'

வரைவைப் படித்த தங்கை இங்கேயே நிறுத்தினாள்.

"அண்ணா, அது மாடியில ரெண்டு ரூம். கீழே சலூன்."

"கதைக்குக் கொஞ்சம் உயரம் வேணும்மா."

"உயரம் வச்சா லிஃப்ட் வைக்கணும். லிஃப்ட் வச்சா நான் எதுக்கு மூச்சு வாங்கிக்கிட்டு உள்ள போகணும்?"

சரி. இரண்டு அறை. கீழே சலூன். உள்ளே சுவரில் ஒரு பலகை: 'தரமே எங்கள் உயிர்மூச்சு.' அதன் ஒரு முனை கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. [இது நான் சேர்த்ததல்ல. நான் சேர்த்தால் நம்பும்படியாகச் சேர்ப்பேன்.]

3

மேசைக்கு அந்தப் பக்கம் இருவர். ஒருவர் நிறுவனத் தலைவர். வாயைத் திறந்தால் 'பயணம்' என்பார். ஆளைச் சேர்ப்பது பயணம், ஆளை அனுப்புவதும் பயணம். ஆகவே இந்தக் கதையில் அவர் பெயர் பயணம். இன்னொருவர் மேலாளர். பயணம் பேசி முடிப்பதற்கு முன்பே தலையாட்டி முடித்துவிடுகிறவர்.

மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்து, மருந்துச் சீட்டையும் போனிலேயே வாங்கிக்கொள்ளும் செயலி ஒன்றை இவர்கள் விற்கிறார்கள். அதன் சோதனைப் பிரதியைத் திறந்து, போனைத் தங்கையிடம் தள்ளினார் பயணம்.

"உடைங்க பார்ப்போம். எங்க டீம் முட்டி மோதிப் பார்த்தாச்சு. அசையல."

தங்கை ஒரே போன் எண்ணில் ஓர் அம்மாவுக்கும் அவள் குழந்தைக்கும் நேரம் பதிவு செய்தாள். பாதியில் முந்தைய திரைக்குப் போனாள், மறுபடி முன்னால் வந்தாள். அம்மாவின் மருந்துச் சீட்டு, பெரியவர்களுக்கான அளவோடு, குழந்தையின் பெயரில் வந்து நின்றது.

"இங்க பாருங்க சார்."

பயணம் போனைப் பார்த்தார். மேலாளர் பயணத்தைப் பார்த்தார்.

"யாரும்மா இப்படிப் பண்ணுவா?"

"குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு ஒத்தக் கையில போன் தட்டுற எந்த அம்மாவும் பண்ணுவா சார்."

"நம்ம யூசர்ஸ் அப்படி இல்ல" என்றார் பயணம்.

"இல்லவே இல்ல" என்றார் மேலாளர்.

"எப்படி வருதுன்னு சொல்றேன், குறிச்சுக்குங்க..."

"அது இருக்கட்டும். உங்க பலவீனம் என்னன்னு சொல்லுங்க."

4

[இங்கே மேலாளரின் மனசாட்சி விழித்துக்கொள்வதாக இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். "இதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்றாள் தங்கை. நீக்கிவிட்டேன்.]

5

மறுநாளே பதில் வந்தது. 'உங்கள் பார்வை குறைகளை நோக்கியே செல்கிறது. நேர்மறை மனநிலை கொண்டவரையே எதிர்பார்க்கிறோம்.' சமையலுக்கு ஆள் கூப்பிட்டு, 'உங்கள் கவனமெல்லாம் அடுப்பிலேயே இருக்கிறது' என்று திருப்பி அனுப்புகிற... [உவமை வேண்டாம். நான் மெனக்கெட்டாலும் இந்த அளவுக்குக் கேலி செய்ய முடியாது.]

தங்கை படித்துவிட்டுச் சிரித்தாள். அப்புறம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் வெளியே வரவில்லை. அந்தக் குழாய்ச் சத்தத்தைக் கேலிக் கதையில் எங்கே வைப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இங்கேயே கிடக்கட்டும்.

6

அதோடு கதையை முடித்திருந்தேன். இப்போது தங்கையின் போன் அடிக்கிறது. மேலாளர். ஸ்பீக்கரில் போடுகிறாள்.

"மேடம், நல்லா இருக்கீங்களா? ஒரு சின்ன விஷயம். அன்னிக்கு அந்த அம்மா, குழந்தை... ஒண்ணு காமிச்சீங்கல்ல? எங்க ஆளுங்க தட்டுனா வரவே மாட்டேங்குது. எந்த வரிசையில தட்டுனீங்கன்னு மட்டும் சொன்னீங்கன்னா..."

"ஏன் சார், யாராவது அப்படிப் பண்ணிட்டாங்களா?"

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம். "ஒரு அம்மா புகார் கொடுத்திருக்காங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. மருந்துக் கடைக்காரர் பார்த்து நிறுத்திட்டார்."

"அப்ப அந்த வேலை?"

"அதுக்கு வேற ஒருத்தர் சேர்ந்துட்டார் மேடம். ரொம்ப பாசிட்டிவ்வான ஆளு."

தங்கை போனை உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறாள்.

7

முடிவுகள்:

(அ) சொல்லிவிடுகிறாள். குறை சரியாகிறது. அடுத்த மேடையில் பயணம், 'எங்கள் குழு கண்டுபிடித்தது' என்று மாலை வாங்கிக்கொள்கிறார்.

(ஆ) "வேலையைக் கொடுங்க, சொல்றேன்" என்கிறாள். கைதட்டலாம். ஆனால் பேரம் படியும்வரை செயலி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

(இ) பட்டென்று துண்டிக்கிறாள். எனக்குப் பிடித்தது இதுதான்.

"வச்சுடும்மா" என்று கிசுகிசுக்கிறேன்.

"கடைக்காரர் எல்லாத் தடவையும் பார்ப்பாரா அண்ணா?"

(இ)யை அடித்துவிட்டேன். (ஈ) என்று எழுதி...

"நீ எழுதுறதை நிறுத்து. நான் என்ன பண்ணட்டும், அதைச் சொல்லு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இதற்கு மேல் உங்கள் பாடு. இவ்வளவு நேரம் பயணத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். இப்போது நீங்களும் அவரைப் போலவே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எப்படியும் சும்மாவே சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கையில்.

அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து சத்தம் வருகிறது.

"ஹலோ? மேடம்? லைன்ல இருக்கீங்களா?"