பொருந்தாத இடம்

“தயிர் டப்பாவுக்குள்ள மண்ணைப் போட்டு ஃபிரிட்ஜில வைக்கிற ஒரே ஆம்பிளை நீங்கள்தான்,” என்றாள் நிரஞ்சினி.

“இண்டையோட சரியப்பா. கடைசித் துண்டின்ர ரிசல்ட் இண்டைக்கு வரும். வந்து நானே கொட்டுறன்.” ஜசிந்தன் சப்பாத்தை மாட்டினான். “போட்டு வாறன்.”

ஹோம்புஷ் ரயில் ஸ்டேஷன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழும்பவில்லை. வயது நாற்பத்தொன்று.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் சேஷாத்ரி வந்தான். ஆய்வுகூடத்தில் ஜசிந்தனுக்குப் பக்கத்து மேசைக்காரன். பேராசிரியர் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பவிருந்த கட்டுரையின் பிரதியை நீட்டினான்.

ஃபிளாட்டின் பின்புறம், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே ஜசிந்தன் தோண்டிய மண்தான் தயிர் டப்பாவில் இருந்தது. அந்த மண்ணில் வாழும் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸை அதிலிருந்து பிடித்தான். ஆறு மாதம் அதை வளர்த்து, அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தான். மெஷின் துண்டு துண்டாக வாசித்துத் தந்ததில் ஓரிடம் மட்டும் பொருந்தவில்லை. மூன்று வாரம் அந்த இடத்தோடு மல்லுக்கட்டினான்.

“அன்னைக்கு மத்தியானமே ரிசல்ட் வந்துடுச்சுக்கா. அவர் பொருத்தினது சரி.”

முதல் பக்கத்தில் ஐந்து பெயர்கள். நிரஞ்சினி இரண்டு தரம் வாசித்தாள்.

“இவர்ர பேர் எங்க?”

“கடைசியில நன்றி போட்டிருக்கு. ‘ஒரு தன்னார்வலர்’னு.”

“பேரில்லாத மனுசனோ?”

“ப்ரொஃபசர் பயப்படுறாருக்கா. அகதியா படகுல வந்தவங்களுக்கு வேலை செய்யப் பெர்மிஷன் இல்லையே. பேரைப் போட்டா வேலை வாங்கின மாதிரி ஆயிடுமாம். ஜசிந்தனுக்கே பிரச்சினை வரும்னு…”

“ஆருக்கு? செத்த மனுசன்ர விசாவை ஆர் கான்சல் பண்ணப் போகினம்?”

அழுவாள் என்று நினைத்து வந்த சேஷாத்ரி கதிரையின் நுனிக்கு நகர்ந்தான்.

“ட்ரெயின் காசாவது தாங்கோ எண்டு இவர் கேட்டவர். ‘இது வேலையில்லை, நீயா விரும்பித்தானே வாறாய்’ எண்டு சொன்னவர் உங்கட ப்ரொஃபசர். காசு கேட்டா வேலையில்லை, பேர் கேட்டா வேலையோ? உங்கட பேர் எத்தினையாவது தம்பி?”

“ரெண்டாவது.”

“பொருத்தினது ஆர்?”

“அவர்தான்.”

“அப்ப இப்பவே ப்ரொஃபசருக்கு ஃபோன் எடுத்து அதைச் சொல்லுங்கோ.”

சேஷாத்ரி ஃபோனை எடுத்தான். திரும்பவும் பைக்குள் வைத்தான். “நான் இங்கயே தங்க பிஆர் விசா வாங்கணும்னா அவர்தான் லெட்டர் தரணும்கா.”

“ஓம். தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு எழும்புங்கோ.”

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளே அந்த ஆய்விதழுக்கு எழுதினாள். ஐந்து பேரும் சம்மதித்தால் பெயரைச் சேர்க்கலாம் என்று பதில் வந்தது. ஐந்து பேருக்கும் எழுதினாள். ஒருவரும் மறுக்கவில்லை. ஒருவரும் பதில் போடவும் இல்லை.

ஒக்டோபரில் கட்டுரை வந்தது. நூலகத்தில் பிரிண்ட் எடுத்து, பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார்த்தாள். தலைப்பு மாறியிருந்தது. சேஷாத்ரி நான்காம் இடத்துக்குப் போயிருந்தான். அந்தத் தன்னார்வலரையும் காணவில்லை.

ஜசிந்தன் பொருத்திய மரபணுவின் நீளம் மட்டும் இரண்டிலும் ஒன்றே: அறுபத்தோராயிரத்து முந்நூற்றேழு எழுத்து.