கூரை மேல் ஓடியவன்

சௌ லின் படக் கம்பெனியின் தையல் அறையில் வெள்ளை அங்கி ஒன்றின் உள்பக்கம், சாய ரத்தம் வைப்பதற்கான பையைத் தைத்துக்கொண்டிருந்தாள். பாவ் வாசலில் வந்து நின்றான். அவள் கணவன் ஹிங்கோடு சேர்ந்து கத்திச்சண்டைப் படங்களில் வெட்டுப்பட்டு விழும் அடியாளாக நடித்துப் பிழைப்பவன் அவன்.

"அண்ணி, அண்ணன் விழுந்தத வெட்டல. படத்துலயே வெச்சிருக்கானுங்க."

ஊசி நின்றது. அன்று படப்பிடிப்பில் கோவில் கூரையிலிருந்து ஹிங் முதல்முறை ஒழுங்காகத்தான் விழுந்தான். இயக்குநர் மாவுக்கு அது போதவில்லை. மழை ஓய்ந்த ஈர ஓட்டில் மறுபடி ஏறச் சொன்னார். அந்த முறை மெத்தைக்கு வெளியே விழுந்தான். ஹிங்கின் சவப்பெட்டி முன் குனிந்து வணங்கிவிட்டு, அந்தக் காட்சி எந்தத் திரையிலும் வராது என்று மா அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணி. அந்தாள் கைய ஒடிச்சுப் போட்டுர்றேன்."

"மொதல்ல நான் பாக்கணும்."

மோங் கோக் பகுதிச் சினிமாக் கொட்டகையில் மதியக் காட்சி. தர்பூசணி விதை கொறிக்கும் சத்தம் நாலாபுறமும். திரையில் ஒருவன் தகப்பனைக் கொன்றவனைத் தேடி ஊர் ஊராக அலைந்தான். பிறகு கோவில் வந்தது. கறுப்புத் துணியால் முகத்தை மூடிய அடியாள் ஒருவன் ஓடுகளின் மேல் ஓடி வந்தான். ஹிங்குக்கே உரிய விதமாக இடது தோள் சற்றே தாழ்ந்திருந்தது. வாள் மின்னியது. விழுந்தான். கொட்டகையே கைதட்டியது.

"விழுந்தான் பாரு, உசிரே போன மாதிரி!" என்றார் பக்கத்துக் கிழவர்.

பாவ் எழுந்துவிட்டான். "உக்காருய்யா, மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சௌ லின் பாவின் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். படம் முடியும்வரை விடவில்லை. கதாநாயகன் பழிதீர்த்துவிட்டுத் தகப்பன் சமாதியில் அழுதான். சனம் கலைந்தது.

"இப்பவாவது சொல்லுங்க அண்ணி."

நாளைக்கு அதே மாவின் படத்தில் இவன் மாடியிலிருந்து குதிக்க வேண்டும். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி மனைவி. இவனும் போய்விட்டால்?

"அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடு."

"மறுபடியுமா?"

"விழப்போறாரு, விழப்போறாருன்னே பாத்துட்டிருந்தேன். அவரு ஓடுனத பாக்கவே இல்ல."

அவன் போய் எடுத்து வந்தான்.

இந்த முறை ஹிங் முழுதாக ஓடினான். ஓடு வழுக்கிய இடத்தில் கையை விரித்து, நிதானித்து, மறுபடி ஓடினான். வீட்டுப் படிக்கட்டில் ஏறுகிற அதே ஓட்டம். வாள் உயர்ந்ததும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கைதட்டல் எழுந்து, தேய்ந்து, அடங்கியது.

கண்ணைத் திறந்தபோது பாவின் இருக்கை காலியாக இருந்தது; அவள் வார்த்தைக்கு அவன் காத்திருக்கவில்லை. வாசல் திரைச்சீலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் ஓரமாக நுழைந்த வெயில் ஒரு கீற்றாகத் தரையில் விழுவதும் மறைவதுமாக இருந்தது.