பொட்டு வைக்காத படம்

1

அக்கா இல்லை அது. நான்.

வசந்தாமணி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை இந்த ஒரு வரியோடு முடிந்திருக்கும். எனக்கும் வேலை மிச்சம்.

எங்கிருந்து வந்தது இது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெண்ணந்தூரில் ஒரு நெசவுக்காரர் வீட்டுக்கு, தெரிந்தவர் ஒருவரோடு, கல்யாணம் விசாரிக்கப் போயிருந்தேன். சுவரில் சட்டம் போட்ட ஒரு பெண்ணின் படம், மாலையோடு. வீட்டுக்காரரின் முதல் மனைவி என்றார்கள். படத்துக்குக் கீழே காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டு நின்றவள் இரண்டாம் மனைவி; இறந்தவளின் தங்கை. வயதைக் கழித்துவிட்டால் இரண்டும் ஒரே முகம். "அக்கா தங்கச்சி, உரிச்சு வெச்சாப்பல இருக்குதுங்க" என்றார் உடன் வந்தவர். நானும் தலையாட்டிவிட்டுக் காப்பியைக் குடித்தேன். ராசிபுரம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. சுமங்கலியாகப் போனவளின் படம்; கண்ணாடியில் பொட்டு இல்லை. மாலை போட்ட கை பொட்டை மறக்குமா?

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெயர்கள் உட்பட மீதி எல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

1988 தை மாதம், வெண்ணந்தூர்த் தெருவில் தறிச் சத்தம் ஓய்ந்த ஒரு –

(வேண்டாம். இந்தப் பக்கத்துக் கதை எல்லாம் தறிச் சத்தத்தில்தான் தொடங்குகிறது. எழுதியே காது அடைத்துவிட்டது.)

வசந்தாமணி வாசலில் உட்கார்ந்து ராட்டையில் ஊடைநூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி பாதித் தெரு ஒரு போட்டோவின் மேல் கவிழ்ந்து கிடந்தது.

போட்டோ எதற்கு என்றால், ராசாத்திக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அக்கா முத்தாயம்மாள் பெற்ற பிள்ளை. தவழ்கிற வயதில் தாயை இழந்து, வசந்தாமணி கையில் வளர்ந்தது. கல்யாணத்துக்கு முன் முத்தாயம்மாளுக்குப் புதுச்சேலை வைத்துப் படையல் போட வேண்டும். சேலைக்குப் பின்னால் ஒரு படம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ராசாத்தி ஆசைப்பட்டாள். முத்தாயம்மாள் ஒரு நாளும் ஸ்டூடியோப் படி ஏறியவள் இல்லை. கடைசியில் கொண்டப்பநாயக்கன்பட்டிச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுப் பெட்டியில் அவர்கள் வீட்டுப் பழைய கல்யாணப் படம் ஒன்று கிடைத்தது. பதினெட்டு வருஷத்துக்கு முந்தியது. பந்தலுக்குள் நாற்பது பேர், மூஞ்சி எல்லாம் மிளகு அளவில், பின்வரிசைக்கு மார்புக்கு மேலே மட்டும்.

"இது மணியன் தானுங்க?"

"அவனேதான். பந்தலுக்குள்ள என்னத்துக்குடா குடை புடிச்சுட்டு நிக்கறான்?"

"கீழ வெச்சா கண்ணாலத்துல மாறிப் போயிருமுன்னு பயம். சாகற மட்டும் அந்தக் குடைதான்."

"செரி, முத்தாயி எங்க?"

வசந்தாமணியின் புருஷன் மருதாசலத்தின் அக்கா பெரியநாயகி, அவளுக்கு நங்கை முறை, ஒரு முகத்தில் விரலை வைத்தாள். பிறகு இன்னொன்றுக்கு நகர்த்தினாள். எதிர்வீட்டு நாச்சிமுத்து அவள் கையைத் தட்டிவிட்டு, இழை எண்ணுகிற கண்ணாடியைப் படத்தின் மேல் வைத்துக் குனிந்தார்.

"மூஞ்சியப் பாக்காதீங்க. சேலையப் பாருங்க. இந்தா, இவ கட்டியிருக்கறது எந்தறியில எறங்குன சேலை. தலைதீவாளிக்குன்னு மருதாசலம் சொல்லி நெய்ஞ்சது. கரையில ஒரு கோபுரம் சாஞ்சிருக்கும், எங்கையித் தப்பு. பாரு, சாஞ்சிருக்குது."

"கறுப்பு வெள்ளையில உங்களுக்கு அதெல்லாம் தெரியுதாக்கும்?"

"எனக்கு அரக்குக் கலராவே தெரியுது, போ."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.*

* நெசவுக்காரத் தெருவில் ஆளை அடையாளம் காண்பது இப்படித்தான். முகம் பத்து வருஷத்தில் மாறும். நெய்தவனுக்குக் கரை மாறாது. நாச்சிமுத்து சொன்னது சரி. அது முத்தாயம்மாளின் சேலையேதான்.

படம் எடுத்த அன்று காலையில் அதை வசந்தாமணிக்குக் கட்டிவிட்டவள் முத்தாயம்மாள். ராசிபுரத்திலிருந்து பெண் பார்க்கிற எண்ணத்தோடு யாரோ அந்தக் கல்யாணத்துக்கு வருவதாகப் பேச்சு. "கட்டிக்கடி. உன்னயப் பாத்துக் கேக்காட்டியும் சேலையப் பாத்தாவது ஒருத்தன் கேப்பான்." அவளுக்கு அப்போது நிறைமாதம். போட்டோக்காரர் கூப்பிட்ட நேரத்தில் தங்கையின் கொசுவம் கலைந்திருக்கிறது என்று பின்னால் குந்தி இழுத்துவிட்டாள். வயிற்றோடு எழ முடியவில்லை. தங்கையின் தோளைப் பிடித்து எழுந்திருக்கப் போனாள். விளக்கு பளிச்சென்று அடித்தது.

அதனால் அந்தப் படத்தில் முத்தாயம்மாள் இல்லை. வசந்தாமணியின் இடது தோளில் நாலு விரல்கள் மட்டும் இருக்கின்றன.

அந்த விரல்கள் யாருடையவை என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை.

3

இங்கே அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏன் திறக்கவில்லை என்பதில் நான் நாலு நாள் மாட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில், அக்காளின் பெண்ணுக்காகத் தன் முகத்தையே தந்த தியாக – என்று எழுதி அடித்தேன். அவளைப் பற்றி அப்படி ஒரு சொல்லை எழுதினால் அவள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள். அப்புறம், பயம் என்று எழுதினேன். பயப்பட என்ன இருக்கிறது? "அது நானுங்க" என்றால் ஐயோ அப்படியா என்பார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் மறந்துவிடுவார்கள்.

மெய்யாகவே நடந்தது என்ன என்றால் (எனக்கு மெய் எப்படித் தெரியும்? சரி, எனக்குப் படுவது), அவள் வாயெடுத்தாள். அதற்குள் மருதாசலத்திடம் படத்தை நீட்டினார்கள். அவர் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். பதினாறு வருஷம் ஒரே வீட்டில் அந்த முகத்தின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர்.

"அவளாட்டத்தான் இருக்குது" என்றார்.

வசந்தாமணிக்கு அப்போது வந்தது கோபம் இல்லை. பொழுதெல்லாம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு எழுந்தால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாதே, அந்த மாதிரி. தான் இந்த வீட்டில் என்னவாக இருந்தோம் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. பதில் கேள்விக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

அப்போது ராசாத்தி ஓடிவந்து படத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா! அவிய உன்னாட்டவே இருக்கறாங்கம்மா! மூக்கப் பாரேன்!"

"ஆமாஞ் சாமி."

"நான் ஆரு மாதிரின்னு கேட்டா ஒருத்தரும் சொல்லமாட்டீங்க. இனி நானே பாத்துக்குவேன்."

இந்தப் பிள்ளையிடமிருந்து அந்தப் படத்தை எப்படி வாங்குவது? அதோடு, தோளில் அந்த விரல்கள் இருந்தன. என் மூஞ்சி போனாலும் போகட்டும், அக்காளின் கையும் கூடவே பெரிசாகி வரும், வீட்டில் இருக்கும் என்று வசந்தாமணி நினைத்தாள். ராட்டையைச் சுற்றினாள்.

(உயிரோடு இருக்கிறவளின் முகத்துக்கு மாலையா என்று உங்களுக்குத் திக்கென்றால், அவளுக்கும்தான். நினைக்காமல் இருந்துகொண்டாள். நினைக்காமல் இருப்பதில் அவளுக்குப் பழக்கம் உண்டு.)

4

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, தலையையும் தோளையும் மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கி, கலர் தீட்டி, சட்டம் போட்டு வாங்கினார்கள். மருதாசலம் தினத்தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பிரித்ததும் தெருவே கூடியது.

கன்னத்தில் ரோஸ் நிறம். கழுத்தில் இல்லாத அட்டிகை.

"அட கெடுப்பானே!" நாச்சிமுத்துவுக்குத் தாங்கவில்லை. "அரக்குச் சேலைக்குப் பச்சைச் சாயம் பூசிட்டானே! மருதாசலம், நீ பக்கத்துல நின்னு சொல்லக் கூடாதா?"

"சேலை என்ன நிறமுன்னு எனக்கு எங்க ஞாவகம்" என்றார் மருதாசலம். "வேலை சுத்தமுங்க. தோளு மேல ஆரோ கையப் போட்டிருந்தாங்களாம், அலங்கோலமா இருக்குதுன்னு அழிச்சுட்டுச் சேலையாவே வரைஞ்சுட்டானாம். இருந்த எடமே தெரியல பாருங்க."

வசந்தாமணி கூட்டத்துக்குள் கையை விட்டு, சட்டத்தோடு திரும்பி வந்திருந்த சின்னப் படத்தை எடுத்தாள். அதில் விரல்கள் இருந்தன. பெரிய படத்தைப் பார்த்தாள். இடது தோள் வழவழவென்று பச்சையாக இருந்தது. மறுபடியும் சின்னதைப் பார்த்தாள். பிறகு அதை உறையில் போட்டு, உள்ளே கொண்டுபோய் எங்கோ வைத்தாள். எங்கே என்று நான் பார்க்கவில்லை.

5

படையல் நாள். முற்றத்துச் சுவரோரம் நாற்காலியில் படம். முன்னால் வாழை இலை, அதன்மேல் மடித்த புதுச்சேலை. மாலையை ராசாத்தி போட்டாள். பெரியநாயகி குங்குமக் கிண்ணத்தை நீட்டினாள்.

"பொட்ட நீ வையி புள்ள. கூடப் பொறந்தவ நீதான் வெக்கோணும்."

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். ராசாத்தியின் முகம் அப்படியே – அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அந்தப் பிள்ளை தாயின் மூக்கைப் பார்த்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

இன்னொன்றில் படத்துக்கு வைக்க எடுத்த குங்குமத்தைத் தன் நெற்றியில் வைத்துக்கொள்கிறாள். கண்ணாடியில் அது படத்தின் நெற்றியில் விழுகிறது. எழுதி முடித்தபோது மிக அழகாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன். பதினெட்டு வருஷமாகக் களைத்துப்போன ஒருத்திக்கு அப்படி எல்லாம் செய்யத் தோன்றாது. எனக்குத்தான் தோன்றும்.

அவளிடமே கேட்டுப் பார்த்தேன். உனக்கும் எனக்கும் நடுவில் யாரும் இல்லை. ஏன் என்று ஒரு வரி சொல்லிவிடு, படிக்கிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்றேன். அவள் இலையின் மேல் இருந்த சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் பேசியதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை.

ஆகவே காரணத்தை உங்களிடமே விட்டுவிடுகிறேன். பொட்டை யார் வைக்க வேண்டும், வைக்கத்தான் வேண்டுமா, இதையும்.

பெரியநாயகியின் கை நீட்டியபடி இருந்தது. வசந்தாமணி கிண்ணத்தை வாங்கினாள். படத்தின் தோளை ஒரு தரம் பார்த்தாள். கிண்ணத்தை நங்கையின் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"நான் வெக்கலீங்க நங்கை."

"இதென்ன புள்ள, நல்ல நாளும் அதுவுமா. கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க. வெக்கல."