பட்டனை விட்டுவிட்டுச் சிரித்தவர்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் கிடையாது. குவீன்ஸ்லாந்தின் மேற்குக் கோடியில் மாட்டுப் பண்ணைப் பிள்ளைகள் நாங்கள். அவரவர் வீட்டு ரேடியோ முன்னால் உட்காருவோம், டவுனிலிருந்து மிஸ் ஹேவர்ட்டி பாடம் நடத்துவார். பேச வேண்டுமென்றால் மைக்கின் பட்டனை அழுத்த வேண்டும். விட்டால் நம் குரல் யாருக்கும் போகாது.

மற்ற வீடுகளில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டுவார். என் அம்மா எப்போதோ பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். அப்பா விடிந்ததும் மாடுகளின் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். எனக்கு எழுத்துக்கூட்டக்கூட வராது. அது வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் கோமாளி ஆனேன்.

"டார்சி, உன் முறை. வாசி" என்பார் மிஸ்.

நான் பட்டனை அழுத்துவேன். "கர்ர்ர்... மிஸ், சரியா கேக்கல... கர்ர்ர்... காளை ஒண்ணு ரேடியோ கம்பத்துல ஏறி நிக்குது மிஸ்... இறங்க மாட்டேங்குது..." பிறகு காளையாகவே கத்துவேன்.

பட்டனை விட்டால் ஒரே அமைதி. கொஞ்சம் பொறுத்து, "டார்சிக்குச் சிக்னல் சரியில்லை, அடுத்தவர் வாசிக்கலாம்" என்பார். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கிறது என்று நம்பினேன். பட்டனை அழுத்திக்கொண்டா சிரிப்பார்கள்? ஈ மொய்க்கும் அந்தச் சமையலறையில், கேட்காத அந்தச் சிரிப்புதான் எனக்குத் துணை.

வகுப்பு முடிந்ததும் அதே குரல், ஈவிரக்கமில்லாமல் வரும்: "எல்லாரும் போயாச்சு. டார்சி, இப்ப வாசி. முதல் வரியிலேருந்து." ஒரு நாள் விட்டதில்லை. அழுவேன், பட்டனை விட்டுவிட்டுத்தான். அப்படி அழுது அழுதே படிக்கக் கற்றேன். அந்தப் பெண்மணியை மனதாரச் சபித்தேன்.

இந்த ஆகஸ்டில் பழைய மாணவர்கள் கூட்டம் ஒன்று வைத்தார்கள். நான் இன்னும் அதே பண்ணையில்தான் இருக்கிறேன். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், மாடுகளோடுதான் பேச்சு. பகல் முழுக்க வண்டி ஓட்டிப் போனேன். எதற்கு என்று சொன்னால் வெட்கக்கேடு. என்னைப் பார்த்ததும் யாராவது அந்தக் காளையைச் சொல்லிச் சிரிக்க வேண்டும், அதை என் காதால் கேட்க வேண்டும்.

ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, எல்லோரும் சட்டையில் பெயர் குத்திக்கொண்டு நின்றோம். நொரீன் என்ற பெயரைக் கண்டதும் அவளிடம் போனேன். மிஸ் தினமும் வாசிக்கக் கூப்பிட்ட பெயர், என் வகுப்புதான்.

"நான்தான் டார்சி. கம்பத்துல ஏறின காளை! கர்ர்ர்..."

கேக் தட்டும் கையுமாக விழித்தாள். "எந்தக் காளை?"

சொன்னேன்.

"அடப்பாவி, இதெல்லாமா பண்ணின? உன் குரலே எங்களுக்கு வராதேப்பா. உங்க பண்ணை அவ்வளவு தூரம், டவுன்ல இருக்கிற பெரிய கம்பத்துக்கு மட்டும்தான் எட்டும். நீ சொல்ற பதிலை மிஸ்தான் எங்களுக்குத் திருப்பிச் சொல்லுவாங்க. நீ ஒரு ஊமைக் கோட்டான்னுல்ல நாங்க நினைச்சோம்!"

எனக்கும் அவர்கள் குரல் வந்ததே இல்லை. எங்கள் ரேடியோ பழசு, அதனால்தான் என்று இருந்துவிட்டேன். இத்தனை வருஷம் ஆளில்லாத கொட்டகையில் கூத்தாடியிருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

மிஸ் ஹேவர்ட்டி ஜன்னலோரம் இருந்தார். எண்பதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. நேரே போய் நின்றேன்.

"மிஸ், நான் அடிச்ச கூத்தெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் கேட்டுச்சா?"

"எனக்கு மட்டும்தான், டார்சி."

"சிரிச்சீங்களா?"

"பின்னே? வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கேன். பட்டனை விட்டுட்டுச் சிரிப்பேன். அடங்கினப்புறம்தான் வாயைத் திறப்பேன்."

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஒரே ஒரு நாள் எனக்குக் கேக்குற மாதிரி சிரிச்சிருக்கலாமே, மிஸ். அந்த வீட்டுல யாருமே இல்ல."

அவர் என்னையே பார்த்தார். "சிரிச்சிருந்தா நீ வாசிச்சிருப்பியா?"

வாசித்திருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் சிரித்திருக்கலாம்.